ராணுவத் தோட்டாக் கூடுகளில் பிரைமர் கிரிம்ப்பை நீக்குவது எப்படி?

புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்) குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பாரிசைச் சுற்றியுள்ள ஊர்களில் வசிக்கிறார்கள். அவர்களில் துப்பாக்கிச் சுடும் சங்கங்களில் சேர்ந்து, தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பக் கற்றுக்கொள்பவர்களும் உண்டு. விடுமுறைக்கு முத்தியால்பேட்டைக்கும் குருசுக்குப்பத்துக்கும் வரும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இங்கே விடை சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிற ராணுவக் கூடுகளில் புதிய பிரைமர் (துப்பாக்கி ஊசி அடித்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஏன் ஏற மறுக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டா என்பதற்குத் தரும் வரையறைக்குள் அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகவே கீழே விவரிக்கும் வேலை எதுவும் உரிமம் இல்லாமல் புதுச்சேரியிலோ கடலூரிலோ செய்யத்தக்கது அன்று. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது, பஞ்ச் (அழுத்தும் எஃகு முளை) ஒன்று கடைந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். ஊருக்கு வரும்போது பையின் மூலையில் ஒரு காலிக் கூடுகூடக் கிடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் விடுமுறையின் முதல் நாள் காவல் நிலையத்தில் கழியும். நீங்கள் வசிக்கும் நாட்டில் சங்க உறுப்பினர் உரிமமும் உரிய அனுமதியும் பெற்று, அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கிரிம்ப் ஏன் இருக்கிறது?

தானியங்கித் துப்பாக்கி சுடும்போது கூட்டின் அடிப்பாகத்தில் ஒரு குழிக்குள் உள்ள பிரைமர் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அது குழியை விட்டு வெளியே வந்து இயங்குபாகங்களுக்குள் விழுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். போர்முனையில் அப்படி நேர்வது உயிருக்கே ஆபத்து. அதனால் ராணுவத் தோட்டாக்களைத் தயாரிக்கும் ஆலையில், பிரைமரைக் குழிக்குள் வைத்த பிறகு குழியின் விளிம்புப் பித்தளையை உள்நோக்கி நெருக்கி, பிரைமர் நகராதபடி பிடித்து வைக்கிறார்கள். இந்த நெருக்கலைத்தான் கிரிம்ப் என்கிறோம். சுட்டு முடித்து, பழைய பிரைமரைத் தட்டி வெளியேற்றிய பிறகும் உள்நோக்கி மடிந்த விளிம்பு அப்படியே நிற்கும். புதிய பிரைமர் அந்த விளிம்பில் இடித்துச் சாயும், நசுங்கும், அல்லது பாதியில் நிற்கும். பிரைமருக்குள் இருப்பது அடிபட்டால் வெடிக்கும் கலவை என்பதால், நசுங்குவதைச் சாதாரணத் தொல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதிதான்: மடிந்த விளிம்பை மட்டும் எடுக்க வேண்டும், குழியின் சுவரைத் தொடக் கூடாது. பிரைமரைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சுவர். புதியவர்கள் கெடுத்துத் தூக்கிப்போடும் கூடுகளில் பெரும்பாலானவை கிரிம்ப்பைக் குறைவாக எடுத்தவை அல்ல, அதிகமாக எடுத்தவை.

கூட்டை அடையாளம் காண்பது

கூட்டைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பிரைமரைச் சுற்றி மெல்லிய பள்ளம் வட்டமாக ஓடினால் அது வளையக் கிரிம்ப். வட்டம் துண்டு துண்டாக, பிறை வடிவில் இருந்தாலும் கிரிம்ப்தான். மூன்று நான்கு இடங்களில் உளியால் குத்தியது போன்ற வடு இருந்தால் அது குத்துக் கிரிம்ப். விளிம்பு மழுங்கலாகவும் ஒரே சீராகவும் இருந்தால் பெரும்பாலும் கிரிம்ப் இல்லாத கூடாக இருக்கும். வட்டத்துக்குள் சிலுவை பொறித்திருந்தால் நேட்டோ தரத்தில் தயாரித்த தோட்டா. அதில் கிரிம்ப் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே தொடங்கலாம். எல்.சி. என்ற எழுத்துகள் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையைக் குறிப்பவை. பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. கழுத்துப் பகுதியில் நீலமும் பழுப்பும் கலந்த நிற மாற்றம் தெரிந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். கழுத்து வெடிக்காமல் இருக்க ஆலையில் சூடாக்கிப் பதப்படுத்திய தடம் அது; ராணுவக் கூடுகளில் அதை மெருகேற்றி மறைப்பதில்லை.

பிரான்சில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். ஃபமாஸ் துப்பாக்கிக்கென்று பிரெஞ்சு ராணுவம் பயன்படுத்திய 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் கூடு எஃகு. ஒரு காந்தத்தை அருகில் கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும். அதை ஒதுக்கிவிடுங்கள். பழைய மாஸ்-36 துப்பாக்கிக்கான 7.5 மில்லிமீட்டர் ராணுவக் கூடுகள் பித்தளைதான் என்றாலும், பெரும்பாலும் பெர்டான் வகை. டார்ச் வெளிச்சத்தில் கூட்டின் வாய் வழியாக உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே துளை தெரிந்தால் பாக்சர் வகை. இந்தக் கட்டுரையில் உள்ள முறைகள் அதற்குப் பொருந்தும். நடுவை விட்டுத் தள்ளி இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான். அதில் பழைய பிரைமரைத் தட்டும் கருவியின் ஊசியை இறக்கினால் ஊசிதான் முறியும்.

பார்த்து முடித்தவற்றை, அடியில் பொறித்திருக்கும் முத்திரை வாரியாகத் தனித்தனி டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆலையின் கூட்டுக்கும் இன்னொரு ஆலையின் கூட்டுக்கும் அடிச்சுவரின் தடிமன் மாறும். பின்னால் கருவியை ஒரு அளவுக்கு அமைத்த பிறகு கலப்படமாக உள்ளே விட்டால், ஒன்றில் கிரிம்ப் மிச்சமிருக்கும், அடுத்ததில் குழி விரிந்துவிடும். மூட்டையாக வாங்கிய கூடுகளுக்குள் சுடப்படாத பிரைமரோடு ஒன்றிரண்டு வருவது வழக்கம். பிரைமரின் முகத்தில் துப்பாக்கி ஊசியின் குழிவு இல்லையென்றால் அது உயிருள்ள பிரைமர். கிரிம்ப்பால் இறுகிய உயிருள்ள பிரைமரைத் தட்டி எடுக்க முயலாதீர்கள். தனியே வைத்து, சங்கத்தில் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய பிரைமரை எடுப்பதும் கழுவுவதும்

கிரிம்ப் இறுகப் பிடித்திருப்பதால் சாதாரண டையின் (கைப்பிடியால் அழுத்தும் பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) மெல்லிய ஊசி வளையும் அல்லது முறியும். பிரைமர் தட்டுவதற்கென்றே வரும், எல்லா அளவுக் கூட்டுக்கும் பொருந்துகிற டை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. அதில் கூட்டின் சுவரை உரசும் பாகம் இல்லாததால் அழுக்கான கூட்டையும் அப்படியே விடலாம், ஊசியும் தடிமனாக இருக்கும். பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரே சீராக அழுத்துங்கள். கிரிம்ப் விடும்போது டக்கென்று ஒரு சத்தம் கைக்கே தெரியும். வழக்கத்தைவிட அதிக பலம் கேட்டால் நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள். கூழாங்கல்லோ பெர்டான் கூடோ இருக்கும்.

சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் கலந்திருக்கும். சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், வேலைக்கு நடுவே எதையும் தின்னாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். பிள்ளைகள் உள்ள வீடானால் தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல், தூசி கிளம்பாது.

கழுவுவதற்கு வெந்நீர், சில துளி பாத்திரம் துலக்கும் திரவம், மிகக் குறைந்த அளவு சிட்ரிக் அமிலம், கூடவே மெல்லிய எவர்சில்வர் ஊசிகள் ஆகியவற்றைச் சுழலும் டிரம்மில் போட்டு ஓட்டுவது இப்போது பரவலான முறை. பித்தளைக் குடத்துக்கு நம் வீடுகளில் புளி போட்டுத் துலக்குவதும் இதே அமில வேலைதான், என்றாலும் புளிச் சக்கை குழிக்குள் அடைத்துக்கொள்ளும் என்பதால் இங்கே வேண்டாம். அமிலம் கூடினாலும் நேரம் கூடினாலும் பித்தளையின் மேல்பரப்பில் உள்ள துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாகிவிடும். தோட்டாக் கூட்டின் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இளஞ்சிவப்பு நிறம் தெரிகிறது என்றால் அந்த விகிதம் மேலே குலைந்துவிட்டது என்று பொருள்.

அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். இதற்குப் பின்னால் நம் நாட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். வெயில் வந்து எடுத்துப் பார்த்தபோது பல கூடுகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்துதான் இதைச் செய்தன என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் விளக்கினார்கள். லாயம் போய்விட்டது, ஆனால் அம்மோனியா இன்றும் சில பித்தளைப் பாலிஷ் டப்பாக்களில் இருக்கிறது.

கூடுகள் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். குழிக்குள் கரியோ ஈரமோ இருந்தால் வெட்டும் கருவியும் அழுத்தும் கருவியும் தடம் மாறும்.

வெட்டுவதா, அழுத்துவதா?

கிரிம்ப்பை நீக்க இரண்டு வழிகள். ரீமர் என்ற வெட்டுக்கருவியால் மடிந்த விளிம்பைச் சீவி எடுப்பது ஒன்று; ஸ்வேஜ் என்ற முறையில் கடினமான எஃகுப் பஞ்ச்சைக் குழிக்குள் அழுத்தி, மடிந்த பித்தளையை இருந்த இடத்துக்கே தள்ளுவது மற்றொன்று. எது மேல் என்று சங்கத்தில் கேட்டால் மாலை முழுதும் விவாதம் நடக்கும். என் கருத்து இது: சில நூறு கூடுகள் மட்டும் வைத்திருப்பவருக்கு, ஆழத்தடை (அளவுக்கு மேல் இறங்காமல் நிறுத்தும் தடை) உள்ள கைரீமர் போதும், விலை குறைவு, கை என்ன உணர்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. ஆயிரக்கணக்கில் செய்யப் போகிறவருக்கு ஸ்வேஜ். அதில் பித்தளை குறைவதில்லை, சரியாக அமைத்துவிட்டால் ஒரு கூடு போலவே அடுத்ததும் வரும்.

ரீமரைக் கையாள்வது இப்படி. முதலில் உங்கள் கூட்டுக்கு உரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். 5.56 மில்லிமீட்டருக்குச் சிறிய ரைபிள் பிரைமர், அதன் விட்டம் சுமார் 4.45 மில்லிமீட்டர். 7.62 நேட்டோவுக்கும் பழைய அமெரிக்க ராணுவத் தோட்டாவான .30-06க்கும் பெரியது, சுமார் 5.33 மில்லிமீட்டர். இடது கையில் கூட்டைப் பிடித்துக்கொண்டு, ரீமரின் முனையைக் குழியின் வாயில் நேராக நிறுத்துங்கள். சாய்ந்தால் குழி முட்டை வடிவமாகும். பலம் கொடுக்காமல், ரீமரின் எடையே அழுத்துவது போல வைத்து வலப்பக்கமாகத் திருப்புங்கள். முதல் சுற்றில் கருவி நெருடும், குத்துக் கிரிம்ப் உள்ள இடங்களில் துள்ளும். அடுத்த ஒன்றிரண்டு சுற்றில் தலைமயிர் போன்ற பித்தளைச் சுருள் கழன்று வரும், நெருடல் அடங்கி வழவழப்பாகும். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கூட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் குழியின் வாயில் மெல்லிய, பளபளப்பான வளையம் ஒன்று அறுபடாமல் சுற்றி வந்திருக்கும். வளையம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் தெரிந்தால் கை சாய்ந்திருக்கிறது.

கூட்டின் வாய்க்குச் சாய்வு கொடுக்கும் கருவியையே இதற்கும் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும், ஆனால் அதற்கு ஆழத்தடை கிடையாது. கூடுதலாக ஒரு சுற்று சுற்றினால் குழியின் வாய் புனல் போல விரிந்து, பிரைமரின் விளிம்புக்குப் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் போகும். அந்த இடைவெளியில் பிரைமரின் உலோகம் பிதுங்கும், வாயு கசியும். புதியவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ரீமரை டிரில்லில் மாட்டி ஓட்ட விரும்புபவர்கள், கையால் ஒரு டப்பா முடித்த பிறகு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கலாம். பிசிறு தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம்.

ஸ்வேஜ் கருவியில் அமைப்புதான் எல்லாம். டில்லான் நிறுவனத்தின் மேசைக் கருவியில், கூட்டின் வாய் வழியாக உள்ளே ஒரு தாங்கு தண்டு போய் அடிச்சுவரை உள்ளிருந்து தாங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்திலிருந்து பஞ்ச் குழிக்குள் ஏறும். தண்டின் நீளத்தைச் சரியாக வைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். முதலில் தண்டைத் தளர்வாக வைத்து ஒரு கூட்டை அழுத்துங்கள். கைப்பிடி இலேசாகப் போய்விடும், ஒன்றும் நடந்திருக்காது. தண்டைச் சிறிது சிறிதாக நெருக்கி, ஒவ்வொரு முறையும் அதே முத்திரையுள்ள வேறொரு கூட்டை அழுத்திப் பாருங்கள். கைப்பிடியின் கடைசிப் பகுதியில் ஓர் இறுக்கம் தோன்றி, பிறகு விட்டுக்கொடுத்து இறங்கும். குழியின் வாய் கூர்மை இழந்து உருண்டையாகத் தெரிந்தால் அளவு வந்துவிட்டது. நட்டை முடுக்கிப் பூட்டுங்கள். உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் தண்டு அதிகம் நெருங்கிவிட்டது. ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் கருவி, இருக்கிற ரீலோடிங் பிரஸ்ஸிலேயே பொருந்தும். விலை குறைவு. இரண்டிலும் பஞ்ச்சின் முனையில் எண்ணெயை ஒரு பொட்டு வைத்தால் கூடு சிக்காமல் கழலும். அந்த எண்ணெயைப் பிறகு துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது பிரைமரைக் கெடுக்கும்.

மாதிரி பார்ப்பது

குழிக்குச் சரியா தவறா என்று சொல்லும் அளவுகோல் முளை கடைகளில் கிடைக்கிறது: ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. சிறிய ரைபிள் குழியின் விட்டம் 4.39 முதல் 4.43 மில்லிமீட்டருக்குள்ளும், பெரியதன் விட்டம் 5.30 முதல் 5.33க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தரம். சாதாரண வெர்னியரால் இவ்வளவு சிறிய உள்விட்டத்தை நம்பி அளக்க முடியாது, ஆகவே அளவுகோல் முளையை வாங்கிக்கொள்வதே நல்லது. முதல் இருபது கூடுகளில் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பிறகு கை பழகிவிடும்.

அடுத்து, பிரைமரைக் கையால் ஏற்றும் கருவியில் ஒரு கூட்டை வைத்து அழுத்துங்கள். பஞ்சுபோல் இல்லாமல், சீரான எதிர்ப்போடு உள்ளே போய் அடியில் தட்டி நிற்க வேண்டும். வாயிலேயே இடித்தால் நிறுத்துங்கள். பலவந்தமாக அழுத்துவதுதான் பிரைமர் வெடிக்க வழி. அந்தக் கூட்டுக்கு ரீமரையோ ஸ்வேஜையோ இன்னொரு முறை கொடுங்கள். சுண்டுவிரலால் தள்ளினாலே ஏறிவிடும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் அந்தக் கூடு முடிந்தது, சரிசெய்ய வழியில்லை.

ஏறிய பிரைமரின் முகம் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் கீழே இருப்பது நல்லது. ஆள்காட்டி விரலை அடிப்பாகத்தின் மேல் ஓட்டினால் நடுவில் மெல்லிய பள்ளம் உணரப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் கூட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள். ஆடினால் பிரைமர் துருத்திக்கொண்டிருக்கிறது. ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற, ஊசி தளர்வாக மிதக்கும் அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில், துருத்திய பிரைமர் உள்ள தோட்டா விசையைத் தொடாமலே, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) மூடும் வேகத்திலேயே வெடிக்கக்கூடும். இந்தச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள்.

நிரப்புவது தனி விஷயம் என்றாலும், 7.62 ராணுவக் கூடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் சுவர் வணிகக் கூட்டைவிடப் பெரும்பாலும் தடிமன். உள்ளிடம் குறைவதால் அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் கூடும். கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும். எந்திரத் துப்பாக்கியில் சுட்ட கூடாக இருந்தால் அடிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்திருக்கலாம். வளைத்த கம்பியின் முனையை உள்ளே விட்டு மெல்ல இழுத்தால், மெலிந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கித் தட்டும்; அப்படிப்பட்டதைச் சேர்க்காதீர்கள்.

கிரிம்ப் நீக்குவது ஒரு கூட்டுக்கு வாழ்நாளில் ஒரே முறை செய்யும் வேலை. முடித்தவற்றைத் தனி டப்பாவில் போட்டு, முத்திரையையும், ரீமரா ஸ்வேஜா என்பதையும், தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சுட்டு முடித்துத் திரும்பும்போதும் அதே டப்பாவுக்குத்தான் அவை வர வேண்டும், புதிதாக வாங்கிய மூட்டையோடு கலந்தால் செய்த கூட்டுக்கே மறுபடி ரீமர் போட்டுக் கெடுத்துவிடுவீர்கள். ஒதுக்கிய கூடுகளின் கழுத்தைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள், வேறு யாரும் அவற்றை எடுத்து நிரப்ப முடியாது.